காலி டின், கோலிக்குண்டு, கொஞ்சம் சூடு... வீட்டிலேயே சுற்றும் ஸ்டிர்லிங் இன்ஜின்!

இரண்டு காலி கூல்டிரிங்ஸ் டின், ஒரு பலூன், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், பழைய சி.டி. இரண்டு, கொஞ்சம் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. அடியில் ஒரு மெழுகுவத்தி. ஒன்றிரண்டு நிமிடம் சூடேறிய பிறகு சி.டி.யை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால், அது தானாகவே சுற்ற ஆரம்பித்துவிடும். பெட்ரோல் வாசனை கிடையாது. பட்பட்டென்று வெடிக்கும் சத்தமும் கிடையாது. ‘டிக்... டிக்...’ என்று கடிகாரம் போல மெல்லிய ஓசை மட்டும்தான்.

இதற்குப் பெயர் ஸ்டிர்லிங் இன்ஜின். சூடான காற்றால் ஓடும் இயந்திரம். உலகம் முழுக்கப் பள்ளி மாணவர்கள் முதல் ஓய்வுபெற்ற இன்ஜினீயர்கள் வரை சமையலறை மேஜையிலும் மொட்டைமாடியிலும் இதைச் செய்து பார்க்கிறார்கள். வீடியோவில் பார்க்க ரொம்பச் சுலபமாகத்தான் தெரியும். ஆனால், முதல் முறை செய்கிறவர்களில் பலருக்கு அது சுற்றாது! பொருள் எல்லாம் சரியாக இருக்கும், அளவும் பார்த்தால் சரியாக இருக்கும். ஆனாலும் சக்கரம் அசையாது. அந்த இடத்தில் மனம் விட்டுப்போய் எல்லாவற்றையும் குப்பைக்கூடையில் போடுகிறவர்கள் நிறைய. உள்ளே காற்று என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால், அந்த நிலைமை வராது.

போதகர் கண்டுபிடித்த இன்ஜின்

இந்த இன்ஜினைக் கண்டுபிடித்தவர் தொழிற்சாலை முதலாளி இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஒரு கிறிஸ்தவ போதகர். ராபர்ட் ஸ்டிர்லிங், 1790-ல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தாவே கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தவர் என்பதால், இயந்திர ஆசை ரத்தத்தில் இருந்தது. 1816 செப்டம்பரில் கில்மார்னக் ஊரில் போதகராகப் பொறுப்பேற்றார். அதே மாதத்தில் தன் இன்ஜினுக்குக் காப்புரிமை கேட்டும் விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது 25.

நீராவி இன்ஜின்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நிலக்கரியை மூட்டை மூட்டையாக விழுங்கும்; பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் சாவதும் உண்டு. ஸ்டிர்லிங் காப்புரிமையில் முதன்மையாகச் சொன்னது, எரிபொருளை எப்படி மிச்சப்படுத்துவது என்பதைத்தான். 1818-ல் அவருடைய இன்ஜின் ஒன்று ஏர்ஷயரில் ஒரு கல் குவாரியில் தண்ணீர் இறைத்தது.

பிறகு தம்பி ஜேம்ஸும் சேர்ந்துகொண்டார். ஜேம்ஸ் ஓர் இன்ஜினீயர். 1843-ல் டண்டீ நகரில் ஓர் இரும்பு வார்ப்பாலையில் இருந்த நீராவி இன்ஜினையே காற்று இன்ஜினாக மாற்றினார்கள். அது நன்றாகவே ஓடியது. ஆனால், எந்நேரமும் நெருப்பில் இருக்கும் அந்தச் சூடான பகுதியின் வார்ப்பிரும்பு, சூடு தாங்காமல் திரும்பத் திரும்பப் பழுதானது. 1847-ல் ஆலைக்காரர்கள் பொறுமையிழந்து நீராவிக்கே திரும்பிவிட்டார்கள். யோசனையில் தப்பில்லை, அந்த யோசனையைத் தாங்குகிற உலோகம்தான் அன்றைக்கு இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

காற்றைச் சூடாக்கினால் விரியும்; குளிரவைத்தால் சுருங்கும். சைக்கிள் டியூபை வெயிலில் போட்டால் விறைப்பதும் இதனால்தான். ஸ்டிர்லிங் இன்ஜின் செய்வது இவ்வளவே: மூடிய பாத்திரத்துக்குள் இருக்கிற அதே காற்றை மாற்றி மாற்றிச் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் அனுப்புவது. காற்று விரியும்போது பிஸ்டன் வெளியே போகும். சுருங்கும்போது உள்ளே வரும். அந்த ஆட்டத்தை ஒரு கிராங்க் கம்பி சுழற்சியாக மாற்றுகிறது.

பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் உள்ளே எரிகிறது. இங்கே நெருப்பு வெளியே. அதனால் சூடு எதிலிருந்து வந்தாலும் இதற்குக் கவலையில்லை. மெழுகுவத்தி, விறகு, குவித்த சூரிய ஒளி, கொதிக்கிற தண்ணீர் எதுவானாலும் சரி.

காற்றை இடம் மாற்றுவதற்கு உள்ளே ஒரு பொருள் ஏறி இறங்குகிறது. ஆங்கிலத்தில் ‘டிஸ்ப்ளேசர்’ என்பார்கள். தமிழில் ‘காற்றுத்தள்ளி’ எனலாம். இது பிஸ்டன் இல்லை. சுவரோடு உரசக் கூடாது. சுற்றிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அது மேலே போனால், மேலே இருந்த காற்று அந்த இடைவெளி வழியாகக் கீழே சூடான பக்கத்துக்கு இறங்கும். அது கீழே வந்தால் காற்று மேலே குளிர்ந்த பக்கத்துக்கு ஏறும். தொட்டிக்குள் ஆள் முங்கினால் தண்ணீர் ஒதுங்கி மேலே வருகிற மாதிரிதான்.

ஸ்டிர்லிங்கின் உண்மையான சாதனை இன்னொன்று. சூடான காற்று குளிர்ந்த பக்கத்துக்குப் போகும்போது, போகிற வழியில் தன் வெப்பத்தைக் கம்பிகளிலோ தகடுகளிலோ விட்டுவிட்டுப் போகும். திரும்பி வரும்போது அதே வெப்பத்தை எடுத்துக்கொண்டு வரும். அவர் இதை ‘எகானமைஸர்’ என்றார். சிக்கனம் பண்ணுகிற பாகம்! டின் இன்ஜினில் காற்றுத்தள்ளியைக் கம்பி நாரில் செய்வதன் ரகசியமும் இதுவே. காற்று அந்த நாருக்குள் புகுந்து போகும்போது நார் வெப்பத்தைச் சேமித்துக்கொள்கிறது.

முதலில் கோலிக்குண்டு இன்ஜின்

எடுத்தவுடனே கிராங்க், ஃப்ளைவீல் என்று இறங்காமல், கோலிக்குண்டு மாடலில் ஆரம்பிப்பது நல்லது. இதில் சக்கரமே கிடையாது. சீசா பலகை மாதிரி ஆடும்.

தேவை: சூடு தாங்கும் ஆய்வக டெஸ்ட் டியூப், அதற்குள் தாராளமாக உருளக்கூடிய நான்கைந்து சின்னக் கோலிக்குண்டுகள், துளை போட்ட ரப்பர் கார்க், ஒரு சிறு குழாய், ஒரு கண்ணாடி சிரிஞ்ச். பிளாஸ்டிக் சிரிஞ்ச் வேண்டாம். அதன் ரப்பர் முனை இறுக்கிப் பிடிக்கும். இந்த இன்ஜினின் பலம் முழுவதும் அந்த உரசலிலேயே போய்விடும். கண்ணாடி சிரிஞ்சில் தண்டு வழுக்கிக்கொண்டு போகும்.

குண்டுகளை உள்ளே விட்டு, கார்க்கால் மூடி, கார்க்கில் உள்ள குழாயைச் சிரிஞ்சோடு இணைக்க வேண்டும். டியூபின் நடுப்பகுதியை ஓர் அச்சில் தாங்கவைத்து, கார்க் இருக்கும் முனைக்குக் கீழே சிரிஞ்சை நிறுத்த வேண்டும். மூடிய முனைக்கு அடியில் சிறிய ஸ்பிரிட் விளக்கு.

குண்டுகள் கார்க் பக்கம் இருக்கும்போது காற்று சூடான முனையில் இருக்கும். அது விரிந்து சிரிஞ்சைத் தள்ளும். கார்க் முனை மேலே எழும்பும். உடனே குண்டுகள் சூடான முனைக்கு உருண்டு ஓடும். காற்று குளிர்ந்த பக்கத்துக்கு ஒதுங்கிச் சுருங்கும்; சிரிஞ்ச் உள்ளே இழுபடும்; கார்க் முனை இறங்கும். குண்டுகள் மறுபடி கார்க் பக்கம். விளக்கு எரிகிற வரை இந்த ஆட்டம் நடக்கும். இங்கே கோலிக்குண்டுகள்தான் காற்றுத்தள்ளி என்பது குழந்தைகளுக்குச் சொல்லாமலே புரிந்துவிடும்.

அடுத்து, டின் இன்ஜின்

இங்கே டின்னின் அடிப்பாகம் சூடான பக்கம். மேல்பாகம் குளிர்ந்த பக்கம். மேல்பாகத்தைச் சுற்றி இன்னொரு பெரிய டின்னை வெட்டித் தொட்டி மாதிரி பொருத்தி, அதில் தண்ணீர் ஊற்றுவார்கள்.

உள் உயரம் 10 செ.மீ. என்றால், காற்றுத்தள்ளி 7 செ.மீ., அது ஏறி இறங்க 2.5 செ.மீ., மேலும் கீழும் சில மில்லிமீட்டர் இடைவெளி என்று திட்டமிடலாம். காற்றுத்தள்ளியிலிருந்து ஒரு மெல்லிய வழுவழுப்பான கம்பி, மூடியில் போட்ட மிகச் சிறிய துளை வழியாக மேலே வரும். துளை கம்பியை விடத் துளியூண்டு பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமானால் உரசும்; தளர்ந்தால் காற்று கசியும்.

பிஸ்டனுக்குப் பதிலாக, பக்கவாட்டில் ஒரு சிறு குழாய் வைத்து அதன் வாயில் பலூன் துண்டை மாட்டுகிறார்கள். பலூனை விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது. தொளதொளவென்று இருக்க வேண்டும். பலூன் மேலும் கீழும் அசைவது ஒரு கம்பி வழியாகக் கிராங்குக்குப் போகும். கிராங்கின் முனையில் சி.டி.கள்தான் ஃப்ளைவீல்.

கிராங்கில் இரண்டு வளைவுகள் இருக்கும்: ஒன்று காற்றுத்தள்ளிக்கு, இன்னொன்று பலூனுக்கு. இரண்டுக்கும் இடையே 90 டிகிரி, அதாவது கால் சுற்று வித்தியாசம் வேண்டும். காற்றுத்தள்ளி எப்போதும் பலூனுக்குக் கால் சுற்று முன்னால் போக வேண்டும். முதலில் காற்று இடம் மாறினால்தானே, பிறகு பலூன் அசையும்! இந்த ஒன்றைத் தவறவிட்டால், எத்தனை மெழுகுவத்தி வைத்தாலும் இன்ஜின் ஓடாது.

டீ கிளாஸ் மேல் ஓடும் இன்ஜின்

நெருப்பே இல்லாமல், சூடான டீ கிளாஸ் மேல் வைத்தாலே ஓடுகிற இன்ஜின்களும் உண்டு. 1983-ல் குரோஷியாவின் ஜாக்ரெப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஐவோ கோலின், சுடுதண்ணீரில் ஓடும் ஓர் இன்ஜினை இயக்கிக் காட்டினார். அதைப் பார்த்து உற்சாகமான அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் சென்ஃப்ட், இன்னும் நுணுக்கமாகச் செய்துகொண்டே போனார். 1990-ல் அவர் செய்த ‘பி-19’ என்ற இன்ஜின், வெறும் அரை டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தில் ஓடியது! உள்ளங்கைச் சூடு தாராளம்.

இந்த வகை இன்ஜினில் ஆரம்பநிலைக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, பிஸ்டனைப் பெரிதாக வைத்துவிடுவது. பெரிய பிஸ்டன் நிறைய சக்தி தரும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் உண்மை தெரியும். கோலின் தந்த ஒரு எளிய விதி: இரண்டு பக்கத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை 1,100-ஆல் வகுத்தால், உள்ளே இருக்கும் காற்றில் எவ்வளவு பங்கு பிஸ்டன் அசைய வேண்டும் என்று வரும்.

டீ 80 டிகிரி, மேல்தட்டு 30 டிகிரி, வித்தியாசம் 50. 50-ஐ 1,100-ஆல் வகுத்தால் 0.045. அதாவது நூற்றுக்கு நாலரை பங்கு. உள்ளே 80 மி.லி. காற்று இருந்தால், பிஸ்டன் நகர வேண்டியது 3.6 மி.லி. மட்டுமே. இருமல் மருந்து ஒரு டீஸ்பூனைவிடக் குறைவு! இதற்கு 20 மி.லி. சிரிஞ்சைப் பெரிய கிராங்கோடு மாட்டினால், பாவம், அந்தக் காற்று எப்படித் தள்ளும்?

இன்னொரு விஷயம் நம் ஊர் வெயில். எந்த வெப்ப இன்ஜினுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. சாடி கார்னோ என்ற பிரெஞ்சு இன்ஜினீயர் 1824-ல் அதற்கு அடித்தளம் போட்டார். சூட்டைவிட, சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். 80 டிகிரி டீயும் 10 டிகிரி அறையும் இருக்கிற குளிர் நாட்டில், வெப்பத்தில் அதிகபட்சம் 20 சதவிகிதம் வேலையாக மாறலாம். 30 டிகிரி அறையில் அது 14 சதவிகிதமாகக் குறைகிறது. நிஜத்தில் கிடைப்பது இதில் ஒரு சிறு பகுதிதான். வெளிநாட்டு வீடியோவில் ஜோராகச் சுற்றும் இன்ஜின், சித்திரை வெயிலில் இங்கே திணறுவது இதனால்தான். பரிகாரம் சுலபம்: மேல்தட்டில் இரண்டு ஐஸ் கட்டி.

சுற்றவில்லையா? இதைப் பாருங்கள்

கசிவு: முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும். கிராங்கிலிருந்து பலூனைக் கழற்றிவிட்டு, காற்றுத்தள்ளியைக் கையால் மேலே தூக்கினால் பலூன் உப்ப வேண்டும். கீழே விட்டால் அமுங்க வேண்டும். உப்பிய பலூன் சட்டென்று தளர்ந்தால் எங்கோ ஓட்டை. ஒட்டிய இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

உரசல்: பலூனைக் கழற்றிய நிலையில் சி.டி.யைச் சுண்டினால் நிதானமாகப் பல சுற்று சுற்றி ஓய வேண்டும். இரண்டு சுற்றில் நின்றால், கிராங்க் கம்பி நேராக இல்லை என்று அர்த்தம்.

எடைச் சமன்: காற்றுத்தள்ளியின் கனத்தால் சக்கரம் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் சிறிய நட்டோ நாணயமோ ஒட்டி, சக்கரம் எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்படி செய்ய வேண்டும்.

வீண் இடம்: பலூனுக்குப் போகும் குழாய் நீளமாகவோ தடிமனாகவோ இருந்தால், அதற்குள் இருக்கும் காற்று சூடாகவும் செய்யாது, குளிரவும் செய்யாது. வேலை செய்யாமல் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

குளிர்ப்பக்கச் சூடு: ஐந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெதுவாக நின்றுவிடுகிறதா? மேல்பக்கத் தண்ணீர் சூடேறிவிட்டது. தீயை அதிகமாக்குவதைவிடத் தண்ணீரை மாற்றுவதுதான் தீர்வு.

தீ, எச்சரிக்கை!

பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் குழந்தைகள் இதைக் கொளுத்தக் கூடாது. டின்னுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. மூடிய டின்னில் நீராவி உண்டானால் ஆபத்து. செண்ட், பெயின்ட், கொசு மருந்து ஸ்ப்ரே டின்களைத் தொடவே வேண்டாம். உள்ளே பம்ப் வைத்துக் காற்றழுத்தம் ஏற்றும் விபரீத முயற்சியும் வேண்டாம். சூடான பகுதியில் சாதாரண ஈயப் பற்றவைப்பு நிற்காது. அது சுமார் 183 டிகிரியிலேயே உருகிவிடும். வெட்டிய டின் விளிம்பு பிளேடு மாதிரி; மடக்கிவிட்டோ டேப் ஒட்டியோதான் கையாள வேண்டும்.

மின்சாரம் எடுக்கலாமா?

‘எரிபொருளே இல்லாமல் வீட்டுக்கு மின்சாரம்’ என்று சில வீடியோக்களில் இந்த இன்ஜினைக் காட்டுகிறார்கள். அதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், ஒரு சின்னக் கணக்கு. ஒரு மெழுகுவத்தி தரும் வெப்பம் அதிகபட்சம் 80 வாட் அளவில். டின் இன்ஜின் அதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை. அதாவது ஒரு வாட்டுக்கும் கீழே! சாதாரண செல்போன் சார்ஜருக்கே ஐந்து வாட் வேண்டும். பழைய பொம்மையிலிருந்து எடுத்த மோட்டாரை ஜெனரேட்டராக இணைத்தால், ஒரு குட்டி எல்.இ.டி.யை மினுக்கவைக்கலாம். அதுவே பெரிய சந்தோஷம். ஆனால், சூடு இல்லாமல் எந்த இன்ஜினும் ஓடாது. அந்தச் சூடு எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

பெரிய கம்பெனிகளும் இதில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம், மின்சாரம் இல்லாத ஊர்களிலும் தன் வால்வு ரேடியோக்கள் பாட வேண்டும் என்று 1930-களின் கடைசியில் இந்த இன்ஜின் ஆராய்ச்சியில் இறங்கியது. 1950-களின் தொடக்கத்தில் சுமார் 150 சிறிய ஜெனரேட்டர்களைச் செய்தது. விலை அதிகம். அதற்குள் பேட்டரியில் பாடும் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஆராய்ச்சி வீண் போகவில்லை. இதே இன்ஜினை மோட்டார் வைத்துத் தலைகீழாக ஓட்டினால், ஒரு பக்கம் கடும் குளிராகிறது! அந்த வழியில் காற்றைத் திரவமாக்கும் இயந்திரங்களை பிலிப்ஸ் செய்தது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. மின்சாரம் வருவதற்கு முன், பங்களாக்களில் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் சுற்றும் மேஜை விசிறிகள் இருந்தன. அடியில் விளக்கு, மேலே காற்று இன்ஜின், அதில் இறக்கைகள். பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

காத்திருந்த உலோகம்

சத்தம் போடாத குணத்தால், ஸ்டிர்லிங் இன்ஜின் இன்று கடலுக்கடியிலும் ஓடுகிறது. ஸ்வீடனின் ‘காட்லண்ட்’ வகை நீர்மூழ்கிகள் இதைக்கொண்டு வாரக்கணக்கில் மேலே வராமல் இருக்க முடியும். 2005 முதல் 2007 வரை அமெரிக்கக் கடற்படை அப்படி ஒரு நீர்மூழ்கியை வரவழைத்து, அதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி எடுத்தது. 2018-ல் நாசா, நிலவிலும் செவ்வாயிலும் பயன்படக்கூடிய ஒரு குட்டி அணு உலையைச் சோதித்தபோது, அதன் வெப்பத்தை மின்சாரமாக மாற்றியதும் ஸ்டிர்லிங் இன்ஜின்கள்தான்.

ராபர்ட் ஸ்டிர்லிங் இதில் எதையும் பார்க்கவில்லை. கால்ஸ்டன் என்ற சிற்றூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் போதகராக இருந்து, 1878-ல் 87 வயதில் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு எழுதிய கடிதத்தில், பெஸ்ஸமர் முறையில் செய்த எஃகு தன் காலத்திலேயே கிடைத்திருந்தால் காற்று இன்ஜின் வெற்றி பெற்றிருக்கும் என்று குறிப்பிட்டார். தன் யோசனை தோற்கவில்லை, பொருள்தான் பின்தங்கியது என்பதில் முதுமையிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை.

அவருக்குக் கிடைக்காத வசதி ஒன்று இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. சி.டி.யில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து, செல்போனில் ஸ்லோமோஷனில் படம் பிடித்தால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணிவிடலாம். முதலில் சாதாரணத் தண்ணீர், பிறகு ஐஸ் தண்ணீர். முதலில் குட்டை குழாய், பிறகு நீளக் குழாய். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, எண்ணிக்கையை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால் போதும். அறிவியல் கண்காட்சிக்குப் பரிசு வாங்குவது இருக்கட்டும். எதை மாற்றினால் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது என்று வீட்டுப் பிள்ளைகள் அவர்களாகவே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.